எச்.பி.வி., பி.கே. வைரஸ்: மலையகத்தில் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

ஹட்டன் மிட்வைஃப்:
தோட்டப் பகுதியில் வேலை செய்கிறேன். 35 வயதான பெண்களைப் பாப் டெஸ்டுக்கு, அதாவது கருப்பைக் கழுத்தின் செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனைக்கு, கூப்பிடுவதும் என் வேலைதான். இந்த டெஸ்ட் செய்யும் வெல் வுமன் கிளினிக் நம் இலங்கையில் 1996இலிருந்து நடக்கிறது, காசு எதுவும் இல்லை. ஆனாலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சொன்னால் முதலில் வருகிற பதில், "இன்னைக்குப் பேர் போயிருமே மிஸ்." அன்றைய சம்பளம் போய்விடும் என்று அர்த்தம். அடுத்த பதில், "எனக்குத்தான் ஒரு வருத்தமும் இல்லையே." வருத்தம் இல்லாத காலத்துக்குத்தானே இந்த டெஸ்ட்! கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்தான் எச்.பி.வி. அது தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதை அடக்கிவிடும். அடங்காமல் தங்கிவிட்டால் கருப்பைக் கழுத்தின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். அது புற்றுநோயாக முற்றுவதற்கு 15, 20 வருடம்கூட ஆகலாம். அத்தனை காலமும் நோவு இருக்காது.

கொழுந்தெடுக்கும் ஓர் அக்காவுக்கு ரிப்போர்ட்டில் செல்கள் மாறியிருப்பதாக வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் வீட்டில் வேறு பிரச்சினை கிளம்பியது. உடலுறவில் தொற்றும் வைரஸ் என்று யாரோ சொல்ல, "யார்கிட்ட வாங்கினே?" என்று புருஷன் நின்றுவிட்டார். நான் போய் உட்கார்ந்து விளக்கினேன். இந்த வைரஸ் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும், எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டெஸ்டும் சொல்லாது, அவரிடமிருந்தே வந்திருக்கவும் கூடும். கடைசி வார்த்தையைக் கேட்டதும் ஆள் அடங்கிவிட்டார். நோயைவிட இந்தக் கேள்விக்குப் பயந்தே கிளினிக் பக்கம் வராதவர்கள் அதிகம் என்பது என் எண்ணம்.

பண்டாரவளை டீச்சர்:
மிஸ் சொன்னது சரி. எங்கள் பக்கத்தில் பேச்சு ஊசியைப் பற்றி. 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள், ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி என்று தொடங்கினார்கள். ஒரு தகப்பன் வந்து, "டீச்சர், பின்னாடி புள்ள தங்காமப் போயிருமாமே?" என்று கேட்டார். தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் யாரோ கிளப்பிய கதை. எங்கள் பகுதிச் சுகாதார அதிகாரியான எம்.ஓ.எச். டாக்டரே அவருக்குப் பதில் சொன்னார். ஊசிக்குள் உயிருள்ள வைரஸ் கிடையாது, வைரசின் மேலோட்டுப் புரதம் மட்டும்தான், உள்ளே மரபணு இல்லாததால் அது பெருகவும் முடியாது, நோயும் தராது. சின்ன வயதில் போடுவது ஏன் என்றால், வைரசைச் சந்திப்பதற்கு முன் உடம்பு தயாராக இருக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஊசி போட்ட பிள்ளைகளும் 35 வயதில் டெஸ்டுக்குப் போக வேண்டும் என்பதைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் எச்.பி.வி.யின் 16, 18 என்ற இரண்டு வகைகளால் வருவது சுமார் 70 சதவீதம். மீதிக்கு வேறு வகைகள் இருக்கின்றனவே.

கண்டி லேப்காரன்:
எனக்குப் பிடித்த பக்கம் இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எச்.பி.வி.யின் மரபணு வெறும் 8,000 எழுத்து அளவு. நம்முடையது 300 கோடி. இவ்வளவு சின்னதாக இருப்பதால் தன்னைப் பிரதி எடுக்கும் இயந்திரத்தை அது வைத்திருப்பதில்லை, நம் செல்லின் இயந்திரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். ஓய்ந்திருக்கிற செல்லில் அது ஓடாது. அதனால் செல்லைப் பிரியச் சொல்லி நெருக்குகிறது. வைரசின் இ7 என்ற புரதம், செல் பிரிவதைத் தடுக்கும் ஆர்பி என்ற நம் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும், இ6 புரதம் நம் செல்லின் காவலாளியான பி53 என்ற புரதத்தை அழித்துவிடும். சாதாரணமாக இ6, இ7 இரண்டையும் வைரசின் இ2 என்ற இன்னொரு புரதம் அடக்கி வைக்கும். ஆனால் வைரசின் மரபணு உடைந்து நம் குரோமோசோமில் ஒட்டிக்கொள்ளும்போது பெரும்பாலும் இ2 சிதைந்துபோகும், இ6, இ7 இரண்டும் அவிழ்த்துவிட்டது போல ஓடும். இதில் வைரசுக்கும் லாபமில்லை, அந்தச் செல்லிலிருந்து புதிய வைரஸ் வெளியே வராது. புற்றுநோய் அதற்கு ஒரு விபத்து.

இந்தப் புற்றுக்கு எச்.பி.வி. காரணம் என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1983இல் 16ஆம் வகையைக் கண்டுபிடித்தார், 2008இல் நோபல் கொடுத்தார்கள். பி53யே 1979இல் குரங்கு வைரசான எஸ்வி40ஐ ஆராயும்போது கிடைத்ததுதான். இந்தச் சின்ன வைரஸ்களைக் கிளறப்போய் நம் செல்லுக்குள்ளிருக்கும் பிரேக்குகள் வெளிச்சத்துக்கு வந்தன.

நாவலப்பிட்டிக்காரர்:
லேப் அண்ணே, நான் சிறுநீரகம் மாற்றியவன், தங்கச்சி கொடுத்தது. சில மாதம் நன்றாக இருந்து பிறகு ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியது, சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளம் அது. உடம்பு அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்று பயந்து சாப்பாடு இறங்கவில்லை. பயாப்சியில் பி.கே. வைரஸ் என்று வந்தது. ஆச்சரியம் என்னவென்றால் டாக்டர் மருந்தைக் கூட்டவில்லை, குறைத்தார்! எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை அதிகமானால் இந்த வைரஸ் தலை தூக்குமாம். குறைத்தால் உடம்பு அதைப் பார்த்துக்கொள்ளும், ஆனால் ரொம்பக் குறைத்தால் உடம்பு புதிய சிறுநீரகத்தையே தாக்கும். அந்த நடுக்கோட்டில் நிற்கத்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. இது புற்றுநோயா?

கண்டி லேப்காரன்:
புற்றுநோய் இல்லை அண்ணே. பி.கே. என்பது பாலியோமா என்ற வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. 1971இல் சிறுநீரகம் மாற்றிய ஒருவரின் சிறுநீரில் கண்டுபிடித்து அவர் பெயரின் முதலெழுத்துகளையே வைத்தார்கள். பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே தொற்றிச் சிறுநீரகத்தில் தூங்கிக் கிடக்கும். ஆய்வகத்தில் ஹாம்ஸ்டருக்குக் கட்டி வரவைக்கும், மனிதருக்கு முக்கியமான தொல்லை சிறுநீரகம் பழுதாவதுதான். இதே குடும்பத்தில் மெர்க்கல் செல் வைரஸ் என்று ஒன்று 2008இல் கிடைத்தது, அது மட்டும் அரிதான ஒரு தோல் புற்றுநோயோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

தலவாக்கலை தம்பி:
அப்பாயி வெற்றிலை போடுவதை விடமாட்டேன் என்கிறார், வாய்ப்புற்றும் இந்த வைரசால்தான் என்று வாதம் வேறு. அப்புறம், என் கையில் இருக்கிற மருவும் எச்.பி.வி. என்கிறார்களே?

கண்டி லேப்காரன்:
மரு எச்.பி.வி.தான், ஆனால் வேறு வகைகள், புற்றுநோயாக மாறுவது அல்ல. அம்மான் பச்சரிசிப் பால் வைக்காதே, தோல் வெந்துபோகும். அப்பாயிக்கு வருவோம். எச்.பி.வி. 16ஆம் வகை தொண்டையிலும் நாக்கின் பின்பக்க வேர்ப்பகுதியிலும் புற்று வரவைக்கும், உண்மைதான். தோட்டங்களில் நாம் பார்க்கிற கன்னப் புற்றுக்குப் பெரும்பாலும் காரணம் பாக்கும் புகையிலையும். வாயில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் பல் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடு.