பொது நூலகத்தில் வெளிநாட்டுத் தூதரகத்துக்கு இடம் கொடுக்கலாமா?

வைகைக்கரை:
தூதரகங்கள் தங்கள் நாட்டுப் புத்தகங்களும் கணினிகளும் கொடுத்து, நம் மாவட்ட மைய நூலகங்களில் ஒரு தனிப் பகுதி அமைத்தால் வரவேற்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் இங்கே எழுதியிருந்தார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. இன்றும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாகக் கட்டுகிறோம். கூலி வேலை செய்கிறவர் வீட்டுப் பிள்ளை போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிற இடம் அது. அங்கே இன்னொரு நாட்டின் வெளியுறவுத் துறைக்கு என்ன வேலை? சும்மா யாரும் கொடுப்பதில்லை. தங்கள் நாட்டைப் பற்றி நாம் நல்லபடியாக நினைக்க வேண்டும் என்றுதான் கொடுக்கிறார்கள்.

பெர்லின்வாசி:
அதற்காக நூலகம் கொடுக்கிறார்கள் என்றால் கொடுக்கட்டுமே அண்ணா. நான் இங்கே அடிக்கடி போகிற நூலகமே அப்படி வந்ததுதான். 1948–49 சோவியத் முற்றுகையில் மேற்கு பெர்லினுக்கு வரும் சாலையும் ரயிலும் அடைபட்டு, நிலக்கரியும் மாவும் விமானத்தில் வந்து இறங்கின. அதைத் தாக்குப்பிடித்த மக்களின் நினைவாக அமெரிக்கா கொடுத்ததுதான் அமெரிக்க நினைவு நூலகம். 1954 செப்டம்பரில் திறந்தார்கள். அதுவரை ஜெர்மன் நூலகங்கள் பலவற்றில் கவுண்டரில் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இங்கே வாசகர் நேராக அலமாரிக்குப் போய்ப் புரட்டிப் பார்க்க முடிந்தது. கிழக்கு, மேற்கு பெர்லின் எல்லைக்குப் பக்கத்தில் இருந்ததால், 1961இல் நடுவே பெர்லின் சுவர் எழும்பும் வரை கிழக்கு பெர்லின்காரர்களும் வந்து படித்தார்கள். கொடுத்ததில் அரசியல் இருந்தது, மறுக்கவில்லை. கொடுத்தவர்களின் பனிப்போர் முடிந்துவிட்டது, நூலகம் இன்னும் நடக்கிறது.

வைகைக்கரை:
தம்பி, அதே கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். உங்கள் நூலகம் திறப்பதற்கு முந்தின ஆண்டு, 1953இல், கம்யூனிஸ்ட் வேட்டையில் இறங்கியிருந்த அமெரிக்க செனட்டர் மெக்கார்த்தியின் உதவியாளர்கள் இரண்டு பேர் ஐரோப்பாவில் அமெரிக்க அரசு நடத்திய நூலகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போனார்கள். கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் அலமாரியிலிருந்து இறங்கின. ஹவர்ட் ஃபாஸ்ட், துப்பறியும் கதை எழுதிய டேஷியல் ஹேமெட் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். சில புத்தகங்கள் எரிக்கவும் பட்டன. அந்த ஜூனில் டார்ட்மவுத் கல்லூரியில் பேசிய அதிபர் ஐசனோவர், புத்தகம் எரிப்பவர்களோடு சேராதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்ல வேண்டிய நிலை. வாஷிங்டனில் காற்று மாறினால் வேறொரு நாட்டு ஊரில் அலமாரி காலியாகிறது. அந்த நாடு, இந்த நாடு என்றில்லை, யார் வந்தாலும் எனக்கு இதே பயம்தான்.

பெர்லின்வாசி:
நீங்கள் சொல்வது நடந்ததுதான். ஆனால் அது அமெரிக்க அரசே ஆள் போட்டு நடத்திய நூலகங்களில். நினைவு நூலகத்தைக் கட்டிக் கொடுத்தது அமெரிக்கப் பணம், நடத்தியது பெர்லின் நகரம். எந்தப் புத்தகம் வாங்குவது என்பது நகரத்து நூலகர்களின் வேலை. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

நூலகி:
கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் இருவரும் அரசியலைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்குப் பெட்டிகளைப் பற்றித்தான் கவலை. ஒருமுறை வெளிநாட்டு அமைப்பு ஒன்றிலிருந்து நன்கொடையாகப் புத்தகங்கள் வந்தன. வழவழ தாளில் அவர்கள் நாட்டுச் சுற்றுலா ஆல்பங்கள், பழைய பதிப்புச் சட்டப் புத்தகங்கள், ஒரே ஆங்கில நாவலில் பல பிரதிகள். எங்கள் வாசகர்கள் கேட்பது ஒன்று, வந்தது வேறு. வரவுப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, முத்திரை குத்தி, முதுகில் லேபிள் ஒட்டினோம். ஒருமுறை பதிவேட்டில் ஏறிவிட்டால் அவ்வளவு சுலபமாகக் கழிக்க முடியாது. ஸ்டாக் சரிபார்க்கும்போது ஒன்று குறைந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். இருக்கிற இரண்டு பீரோவில் ஒன்று அதற்கே போய்விட்டது. பட்டியலை முன்கூட்டியே அனுப்பி, எது வேண்டும் என்று எங்களைக் கேட்டிருந்தால் குழந்தைகளுக்கான படப் புத்தகங்களும் அறிவியல் புத்தகங்களும் கேட்டிருப்பேன். அப்படிக் கேட்கிற நாடு எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

வைகைக்கரை சாருக்கு இன்னொன்று. டெல்லி பொது நூலகம் 1951இல் யுனெஸ்கோவும் இந்திய அரசும் சேர்ந்து தொடங்கியது. நேரு திறந்து வைத்தார். அதையும் வேண்டாம் என்பீர்களா?

வைகைக்கரை:
மாட்டேன் அம்மா. அதில் ஒரு நாட்டுக் கொடி இல்லை. டெல்லிக்குப் பிறகு கொலம்பியாவின் மெடலின், நைஜீரியாவின் எனுகு என்று அதே முறை மற்ற நாடுகளுக்கும் போனது. எல்லாருக்கும் பொதுவான அமைப்பு வழியாக வந்தால் என் எதிர்ப்பில் பாதி போய்விடும்.

சிகாகோ மாணவி:
எல்லாரும் உள்ளே வருகிற புத்தகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், வெளியே போனதைப் பற்றியும் பேசுவோம். பி.எல். 480 கோதுமை என்றால் நம் பெற்றோருக்குத் தெரியும். 1954இல் வந்த அந்த அமெரிக்கச் சட்டப்படி இந்தியா கோதுமைக்கு ரூபாயிலேயே பணம் கட்டியது. அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு, டெல்லியில் 1962இல் அலுவலகம் திறந்த அமெரிக்க காங்கிரஸ் நூலகம், இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழும் அதில் உண்டு. சிகாகோவில் நான் எடுக்கிற அறுபதுகளின் தமிழ் நாவல்களுக்கான அட்டவணைக் குறிப்பில் இன்னும் 'பி.எல். 480' என்று இருக்கிறது. ஊரில் தேடிக் கிடைக்காத சிறு பதிப்பகப் புத்தகம் இங்கே அலமாரியில் நிற்கிறது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் இங்கே தமிழ் ஆய்வு இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது.

வைகைக்கரை:
அதைத்தான் நானும் கேட்கிறேன். நம் புத்தகத்தைப் பார்க்க நாம் சிகாகோ போக வேண்டுமா?

சிகாகோ மாணவி:
வேண்டாம் சார், அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள் எல்லாவற்றையும் அவர் இறந்த பிறகு வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். நினைத்திருந்தால் கப்பலில் ஏற்றியிருக்கலாம். மூலப் பிரதிகள் தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும், மைக்ரோஃபிலிம் எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது அப்படித்தான். அது ஆய்வு நூலகம், பொது நூலகம் இல்லை, தெரியும். ஆனால் ஒப்பந்தம் அப்படிப் போட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பெர்லின்வாசி:
சிகாகோ அக்கா சொன்னதை அப்படியே பொது நூலகத்துக்கும் கொண்டுவரலாம். அவர்கள் நமக்கு ஒரு பெட்டி அனுப்பினால், அவர்கள் ஊர் பொது நூலகத்துக்கு நாம் தேர்ந்தெடுத்த தமிழ்ப் புத்தகங்கள் ஒரு பெட்டி போகட்டும். இங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பிள்ளைகளுக்குத் தமிழ்ப் படப் புத்தகம் கிடைப்பதுதான் கஷ்டம்.

வைகைக்கரை:
இருபக்கமும் போய்வருவதானால் நான் குறுக்கே நிற்கவில்லை. தேர்வு நம் நூலகரிடம் இருக்க வேண்டும், எதையும் திருப்பி அனுப்பும் உரிமையும் எழுத்தில் வேண்டும். தூதரகத்தின் பெயர்ப் பலகைக்கு மட்டும் கடைசிவரை சம்மதிக்க மாட்டேன். புத்தகத்துக்குள் 'நன்கொடை' என்று முத்திரை குத்தினால் போதும்.

நூலகி:
பலகையில் மட்டும் உங்களோடு சண்டை போடுவேன் சார். பலகை வைத்துக்கொள்ளட்டும், கூடவே இரண்டு பீரோவும் வாங்கித் தரட்டும்.