பேட்டி நிகழ்ச்சி பார்த்து இங்கிலீஷ் பேச வருமா?

குடியாத்தத்தான்: வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கிறேன். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வரும் கொல்கத்தாக்காரர்களிடம் இங்கிலீஷில்தான் பேசியாகணும். படித்தால் புரிகிறது, வாய்தான் வரவில்லை. பிரிட்டிஷ் டிவி பேட்டி நிகழ்ச்சி கிரஹாம் நார்ட்டன் ஷோ துண்டுகள் பார்த்தால் சிரிப்பு வருகிறது, பேச்சு வருமா?

காட்பாடி அக்கா: வரும் தம்பி, சும்மா பார்த்தால் வராது. அதில் விருந்தினர்கள் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒருவர் கதைக்குள் இன்னொருவர் புகுவார்கள். அதைக் கவனி. அதைவிட, கடைசியில் வரும் சிவப்பு நாற்காலி. சாதாரண ஆள் சொந்தக் கதை சொல்வார், போரடித்தால் லீவரை இழுத்துக் கவிழ்த்துவிடுவார்கள். நடிகர் பேச்சைவிட இதுதான் நமக்கு உதவும். யூடியூபில் வேகம் 0.75, சப்டைட்டில் வேண்டாம், ஒரு வரி கேட்டு நிறுத்தி அதே இழுப்போடு திருப்பிச் சொல். நான் பாத்திரம் துலக்கும்போது செய்வேன். மாமியார் பார்க்கிற பார்வை தனிக்கதை.

ராணிப்பேட்டை லெதர்: நார்ட்டன் ஷோ பிரிட்டிஷ் டிவி என்றாலும் அவர் பேச்சு ஐரிஷ், அமெரிக்க டிவியில் பேட்டி எடுக்கும் ஜிம்மி ஃபாலன் அமெரிக்கப் பேச்சு. முதலில் ஒன்றைப் பிடியுங்கள். அப்புறம், அந்தக் கிண்டலை நோயாளி வீட்டாரிடம் எடுத்துவிடாதீர்கள்!

குடியாத்தத்தான்: சரிக்கா, நைட் ஷிப்டில் ஆரம்பிக்கிறேன். என் குரலை ரெக்கார்ட் பண்ணிக் கேட்கணுமா?

காட்பாடி அக்கா: கட்டாயம். முதலில் கேட்கச் சகிக்காது, பரவாயில்லை.