புதுப்பிப்பு: பில் டோக் கையுறை, துணி லேபிள் பற்றி

ஏலத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு விலை ஏறிய ஒரு பழைய பேஸ்பால் கையுறையைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன்; ராலிங்ஸ் நிறுவனம் பந்துவீச்சாளர் பில் டோக்கின் பெயரில் விற்ற மாடல் அது. மணிக்கட்டுப் பட்டையிலுள்ள துணி லேபிள் அசலா என்பதுதான் கேள்வி. புற ஊதா விளக்கில் எடுத்த படங்கள் இப்போது வந்துவிட்டன.

லேபிளைச் சுற்றிய தையல் நூல் மட்டும் நீலவெள்ளையாகப் பளிச்சிடுகிறது. 1920களின் பருத்தி நூல் அப்படி ஒளிராது. சலவைத்தூள் பட்டாலும் ஒளிரும்தான், ஆனால் அப்போது துணியும் சேர்ந்து ஒளிர வேண்டும். இங்கே துணி மங்கலாகவே இருக்கிறது. லேபிளின் ஓரத்தை ஒட்டித் தோலில் பழைய ஊசித்துளைகள் காலியாகத் தெரிகின்றன. ஆக, இந்த லேபிள் பின்னாளில் தைக்கப்பட்டது. வேறொரு கையுறையிலிருந்து எடுத்திருக்கலாம்.

இது விலையை அடியோடு மாற்றும். 1920இல் அறிமுகமான இந்த மாடல் பல பத்தாண்டுகள் விற்பனையில் இருந்தது. மாடல் அபூர்வமல்ல, நல்ல லேபிளோடு கிடைப்பதுதான் அபூர்வம்.

கையுறையின் விரல்களை இணைக்கும் தோல் வார் புதிதாகக் கோத்திருப்பதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன், சொல்லி விற்றால் போதும். தோலுக்குப் பின்னால் சாயம் பூசியிருப்பார்களோ என்று சந்தேகமென்றால், ஈர வெள்ளைத் துணியால் விரலிடுக்கில் மெல்லத் தேய்த்து, நிறம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். தோலில் குத்திய முத்திரை எழுத்துகளையும் உருப்பெருக்கியில் பாருங்கள்: தோலின் விரிசல் எழுத்தை உடைத்துச் செல்ல வேண்டும். விரிசலை அமுக்கிக்கொண்டு எழுத்து முழுசாக நின்றால், பின்னால் குத்திய முத்திரை அது.