மீளமைத்த மார்பு இறுகாமல் காப்பது எப்படி?

ஹட்டனுக்கு அருகே தோட்டமொன்றில் வசிக்கும் என் அக்காவுக்கு, புற்றுநோய்க்காக அகற்றிய இடது மார்பை வயிற்றுப் பகுதித் தோலையும் கொழுப்பையும் கொண்டு மீளமைத்து ஐந்து மாதங்களாகின்றன. கண்டியில் 15 நாள் கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து இது ஏழாவது வாரம். தையலோரம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. ஸ்கேன் பார்த்த வைத்தியர், அது குருதியோட்டம் குறைந்து இறுகிய கொழுப்புத்தான் என்று சொன்ன பிறகே எங்களுக்கு மூச்சு வந்தது.

ஆனாலும் மார்பு மெல்லச் சுருங்குகிறது; கொடியில் துணி போடக் கையை உயர்த்தினாலே உள்ளே கயிறு இழுப்பதுபோல் இருக்கிறதாம். வாசனையற்ற களிம்பு, தளர்ந்த பருத்திச் சட்டை, இருவேளை தோள் பயிற்சி எல்லாம் தவறாமல் நடக்கின்றன. இந்தக் குளிரிலும் அவர் அடுப்பருகே அமர்வதில்லை.

இப்படிச் சொந்தத் திசுவால் மீளமைத்தவர்களில், கதிர்வீச்சுக்குப் பின் வைத்தியரின் ஆலோசனைப்படி குருதியோட்டத்தை மேம்படுத்தும் பென்டொக்சிபிலின் மாத்திரையும் விற்றமின் ஈயும் சேர்த்து எடுத்தவர்களுக்கு இறுக்கம் குறைந்ததா?