தினமும் கணக்கு மீள்பார்வை: எவ்வளவு நேரம், எத்தனை கணக்கு?

கேள்வி (கேட்டவர்: கரும்பலகை):
மூணாம் வகுப்பு. பாடம் நடத்துற வாரம் எல்லாரும் சரியாப் போடுறாங்க. மூணு வாரம் கழிச்சு அதே கணக்கைக் கொடுத்தா முழிக்கிறாங்க. 7×8 கேட்டா 7, 14, 21னு விரல் விட்டுத்தான் வர்றாங்க. வெள்ளிக்கிழமை ஒரு பீரியட் முழுக்க மீள்பார்வை வெச்சும் நிக்க மாட்டேங்குது. எப்படி மாத்தலாம்?

பதில் (சொன்னவர்: சிலேட்டு):
வெள்ளிக்கிழமை 40 நிமிஷத்தை அஞ்சு நாளைக்கு எட்டெட்டு நிமிஷமாப் பிரிச்சிடுங்க. கொஞ்சம் மறக்க விட்டு, நோட்டைப் பார்க்காம யோசிச்சு எடுத்தாத்தான் பதியும். பீரியட் தொடங்கினதும் பலகையில அஞ்சே கணக்கு: நேத்துப் பாடத்துல 1, போன வாரத்துல 2, போன மாசத்துல 1, அதுக்கும் முந்தினதுல 1. கூட்டல், கழித்தல், பெருக்கல் கலந்து வரணும். அஞ்சும் கழித்தலா இருந்தா, பிள்ளைங்க குறியைப் பார்க்காமலே கழிச்சிட்டுப் போயிடுவாங்க.

முதல்ல மாதிரிக்கு ஒண்ணு போட்டுக் காட்டாதீங்க. காட்டினா அது பார்த்து எழுதுறதுதான். எல்லாரும் சிலேட்டுல எழுதி, சொன்னதும் ஒரே நேரத்துல தூக்கிக் காட்டட்டும். யாருக்கு எது வரலைன்னு ஒரே பார்வையில தெரிஞ்சிடும்.

பதில் (சொன்னவர்: பெருக்கல் பைத்தியம்):
வாய்ப்பாட்டுக்குத் தனியாச் சொல்றேன். 1 முதல் 10 வரை 100 பெருக்கல். 6×7, 7×6 ரெண்டும் ஒண்ணுதான்னு புரிஞ்சா 55 ஆயிடும். அதுல 1, 2, 5, 10 வாய்ப்பாட்டை எடுத்துட்டா மிச்சம் வெறும் 21! வாரத்துக்கு மூணு வீதம் ஏழு வாரத்துல முடிச்சிடலாம்.

கோரஸா ஒப்பிக்கிறதுல ஒரு சிக்கல்: வரிசையாத்தான் வரும், நடுவுல கேட்டா மறுபடி முதல்ல இருந்து ஓடணும். அட்டையில எழுதிக் கலைச்சுக் கேளுங்க. 7×8 மறந்தா 7-ஐ இரட்டிச்சு 14, 28, 56. 9×7 மறந்தா 70−7. இந்த வழி கையில இருந்தா விரல் தேவைப்படாது.

பதில் (சொன்னவர்: இடமதிப்பு):
ஒரு எச்சரிக்கை. தப்பான முறையும் தினமும் பழகினா நல்லாப் பதிஞ்சிடும். 52−27க்கு 35னு வந்தா அது கவனக்குறைவு இல்ல. எது மேல, எது கீழன்னு பார்க்காம, பெரிய இலக்கத்துல இருந்து சின்னதைக் கழிக்கிற பழக்கம் (2-ல இருந்து 7 போகாதுன்னு 7−2 போடுறது). அதே பிள்ளை 403−178க்கு 375னு எழுதும் (சரி 225). வகுப்புல கால்வாசிப் பேர் இப்படிப் போட்டா அந்தக் கணக்கை மீள்பார்வையில இருந்து எடுத்துட்டு, பத்துப் பத்தாக் கட்டின குச்சிக் கட்டைப் பிரிச்சுக் காட்டி மறுபடி நடத்துங்க. எட்டு நிமிஷத்துக்குள்ள அதைத் திணிக்காதீங்க.

ஸ்டாப்வாட்சும் இப்போ வேண்டாம். சரியா வர்றதுக்கு முன்னாடி வேகம் கேட்டா ஊகிச்சு எழுதத்தான் பழகுவாங்க.

கரும்பலகை:
ரொம்ப நன்றி. அஞ்சையும் முடிக்காத பிள்ளைங்களை என்ன பண்றது?

சிலேட்டு:
முதல் ரெண்டு எல்லாருக்கும் வர்ற கணக்கா வைங்க. எட்டு நிமிஷம் ஆனதும் நிறுத்திடுங்க, மிச்சத்தை வீட்டுப்பாடமாக் கொடுக்க வேண்டாம். விட்டுப்போனதை எண்ணை மட்டும் மாத்தி மறுநாள் மூணாவதா வைங்க.