பாக்கெட் ஷாம்பு ஜெயித்தது விலையாலா, ஆளை அறிந்ததாலா?

லைன்சேல்ஸ்:
பதினோரு வருடம் பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஆர்டர் எடுத்தவன் நான். போன மாதம் ஏரியா மேனேஜர் ஆக்கிவிட்டார்கள். கீழே ஆறு பையன்கள். ஆக்கிய கையோடு இரண்டு நாள் தலைமைப் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். ஹோட்டல் சாப்பாடு நன்றாக இருந்தது. பாடம் நடத்தியவர் சிக் ஷாம்பு கதையைச் சொல்லி, வாடிக்கையாளர் மனசு தெரிந்தவர்தான் நல்ல தலைவர் என்று முடித்தார்.

எனக்கு இது ஏறவில்லை. சிக் ஷாம்புவைக் கொண்டுவந்த சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயை வைத்துத் தொழில் தொடங்கினார், பெரிய ஆளாக வந்தார். மறுக்கவில்லை. ஆனால் அதில் மனசைத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? பாட்டில் வாங்க முடியாதவனுக்குப் பாக்கெட்டில் கொடுத்தார்கள், வாங்கினான். விலையைக் குறைத்தால் சரக்கு தானாக ஓடும். தலைவர் என்பவர் டார்கெட்டை முடித்துக் காட்டுகிறவர். மற்றதெல்லாம் ஹோட்டல் பேச்சு என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கல்லாப்பெட்டி:
முப்பது வருடமாக மளிகைக்கடை வைத்திருக்கிறேன் தம்பி, அதனால் சொல்கிறேன். பாக்கெட் அவர் கண்டுபிடித்ததே இல்லை. கடலூரில் அவருடைய அப்பா சின்னிகிருஷ்ணன்தான் அதில் முன்னோடி. மூட்டை தூக்குகிறவரும் ரிக்‌ஷா ஓட்டுகிறவரும் வாங்குகிற மாதிரி பொருள் இருக்க வேண்டும் என்பது அந்த மனுஷனின் எண்ணம். மகன் குடும்பத் தொழிலை விட்டுத் தனியே வந்தபோது அந்தக் குடும்பத்தின் வெல்வெட் ஷாம்பு ஏற்கெனவே பாக்கெட்டில் கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. சிக் என்ற பெயரே அப்பா பெயரிலிருந்து எடுத்ததுதான். எல்லாரும் பாக்கெட் விற்கிற இடத்தில் பாக்கெட்டால்தான் ஜெயித்தார் என்றால் எப்படி?

எந்தக் கம்பெனி ஷாம்பு என்றாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொண்டுவா, ஒரு சிக் இலவசம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். அடுத்தவன் ஷாம்பு போடுகிற ஆள் யார் என்று தேடிப்போக வேண்டியதே இல்லை, அவரே காலி உறையோடு கடைக்கு வந்து நிற்பார். கொஞ்ச நாளில் சிக் உறைக்கு மட்டும்தான் இலவசம் என்று மாற்றிவிட்டார்கள். வந்தவர் அதற்குள் சிக்குக்குப் பழகியிருப்பார். இதில் விலை எங்கே இருக்கிறது?

லைன்சேல்ஸ்:
இலவசம் என்றால் விலை பூஜ்யம் அண்ணாச்சி. நான் சொன்னதைத்தான் சொல்கிறீர்கள். 😀 அப்புறம் ஐம்பது காசுக்குக் கொண்டுவந்தார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகை:
நான் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவள். லைன்சேல்ஸ் அவர்களிடம் ஒரே கேள்விதான். விலை குறைந்தால் தானாக ஓடும் என்றால் டாடாவின் நானோ கார் ஏன் ஓடவில்லை?

2008 ஜனவரியில் டெல்லி கண்காட்சியில் காட்டினார்கள். ஒரு லட்ச ரூபாய் கார். மழையில் ஒரே ஸ்கூட்டரில் போகிற குடும்பத்தைப் பார்த்துத்தான் ரத்தன் டாடாவுக்கு அந்த யோசனை வந்தது. அந்தப் பரிவில் குறையே சொல்ல முடியாது. குஜராத்தில் இருக்கிற சானந்த் ஆலையில் வருடத்துக்கு 2.5 லட்சம் கார் செய்யலாம். விற்பனை நன்றாக இருந்த வருடத்தில்கூட 75,000 தாண்டவில்லை. 2018இல் உற்பத்தி ஏறக்குறைய நின்றேவிட்டது. முதலில் மேற்கு வங்கத்தின் சிங்கூரில் இருந்த ஆலையை மாற்ற வேண்டி வந்தது, சில வண்டிகள் தீப்பிடித்தன, அதெல்லாம் உண்மை. ஆனால் உலகத்திலேயே மலிவான கார் என்ற பெயர்தான் பெரிய அடி. ரத்தன் டாடாவே பிறகு அதை ஒப்புக்கொண்டார். ஸ்கூட்டரை விட்டு இறங்கி வாழ்க்கையில் முதல் கார் வாங்குகிறவர் தெருவே பார்க்கத்தானே வாங்குகிறார்? 'இவரால் முடிந்தது இவ்வளவுதான்' என்று ஊருக்குச் சொல்கிற வண்டியை வாசலில் எப்படி நிறுத்துவார்? இது ஒருவரின் வருமானக் கணக்கை மட்டும் பார்த்தால் தெரியாது. இதற்குத்தான் முறையான ஆய்வு வேண்டும் என்கிறோம்.

கல்லாப்பெட்டி:
டீச்சரம்மா நானோவைப் பற்றிச் சொன்னது சரி. முடிவாகச் சொன்ன ஆய்வை மட்டும் ஏற்க மாட்டேன். கோகோ கோலாக்காரன் 1985இல் ஏறக்குறைய 2 லட்சம் பேருக்குக் குடிக்கக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் புதுச் சுவையைக் கொண்டுவந்தான். 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2 லட்சம் பேரைக் கேட்டும் தெரியாதது, ஒரு கல்லாவில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

கரும்பலகை:
உங்கள் கல்லாவில் உட்கார்ந்திருந்தாலும் தெரிந்திருக்காது ஐயா. எது ருசியாக இருக்கிறது என்று கேட்டார்கள், ஜனங்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். பழையது இனிமேல் கிடைக்காது, பரவாயில்லையா என்பதையும் அதே அழுத்தத்தோடு கேட்டிருக்க வேண்டும். கேள்வி தப்பு, ஆய்வு தப்பில்லை. கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு வாங்க வந்தவர் மட்டும்தான் கண்ணில் படுவார். வராமல் போனவரை யார் பார்ப்பது?

கல்லாப்பெட்டி:
வராதவரைத் தேடித்தானே சிக் ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள்! ஷாம்பு போட்டே அறியாத கிராமங்களில் ஒரு பையனை நிறுத்தி, எல்லார் எதிரிலும் தலைக்குத் தேய்த்துக் காட்டி, முடியைத் தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள் என்றார்கள். அப்புறம் மல்லிகை வாசத்திலும் ரோஜா வாசத்திலும் வந்தது. பூ வைக்காமல் வாசல் தாண்டாத ஊர் நம்முடையது. இது எந்தப் படிவத்தில் நிரப்பி வந்த அறிவு?

லைன்சேல்ஸ் தம்பிக்கு இன்னொன்று. என் கடைக்குக் காரில் வந்து இறங்கி ஷாம்பு சரம் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன் என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். "பாட்டில் வைத்தால் பிள்ளைகள் கவிழ்த்துவிடுகிறார்கள் அண்ணாச்சி, பாக்கெட் என்றால் ஆளுக்கு ஒன்று" என்றார். பல கம்பெனிகளில் மில்லி கணக்குப் பார்த்தாலும் பாட்டிலைவிடப் பாக்கெட்தான் மலிவு. ஆனால் அந்த அம்மா மில்லி பார்க்கவில்லை. அவருக்கு வேண்டியது அளவு. இல்லாதவர்தான் பாக்கெட் வாங்குவார் என்று நீங்கள் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தால், பதினோரு வருடம் ஆர்டர் மட்டும்தான் எடுத்திருக்கிறீர்கள்.

மூன்றாம்_ஷிப்ட்:
எல்லாரும் பெரிய முதலாளிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். லைன்சேல்ஸ் கம்பெனி ஆரம்பிக்கப் போவதில்லை, ஆறு பையன்களை மேய்க்கப் போகிறார். நானும் அப்படி ஒரு மேனேஜரிடம் வேலை பார்த்தவன். இருபத்தைந்தாம் தேதி ஆனால் போன் வரும். கடைக்காரர் வேண்டாம் என்றாலும் இறக்கு, ஸ்கீம் இருக்கிறது என்று சொல், முதல் தேதிக்குமேல் பார்த்துக்கொள்ளலாம். டார்கெட் முடிந்தது, அவருக்கு இன்சென்டிவ் வந்தது. எக்ஸ்பயரி சரக்கோடு கடைக்காரர் முன்னால் நின்றவன் நான். நுகர்வோர் மனசு இருக்கட்டும் சார், உங்கள் பையன் ஒருவன் 'இந்தக் கடையில் இது போகாது' என்று சொன்னால் கேட்டுக்கொள்வீர்களா? எனக்கு அது ஒன்று தெரிந்தால் போதும்.

லைன்சேல்ஸ்:
சுருக்கென்றுதான் இருக்கிறது.

சரி, மறைக்காமல் சொல்கிறேன். இந்த மாதம் எங்கள் கம்பெனி புதிதாக ஒரு பம்ப் பாட்டில் இறக்கியிருக்கிறது. கிராமத்து லைனுக்கும் அதே டார்கெட். ஒரு பையன் முதல் வாரமே சொன்னான், அங்கே சரம் தவிர எதுவும் நகராது என்று. சாக்குச் சொல்கிறான் என்று நினைத்துத் திட்டிவிட்டேன். பயந்துபோய் ஒரே கடையில் பதினெட்டுப் பெட்டி இறக்கியிருக்கிறான். பேப்பரில் அவன்தான் இப்போது என் டீமில் முதல் ஆள்.

விலைதான் முக்கியம் என்பதை இன்னும் விடவில்லை. டார்கெட் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

கல்லாப்பெட்டி:
அந்தப் பதினெட்டுப் பெட்டி இப்போது எங்கே இருக்கிறது?

லைன்சேல்ஸ்:
கடைக்காரர் வீட்டுத் திண்ணையில். நாளைக்கு நானே அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். திரும்ப ஏற்றிவர வேன் கேட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்கு மூன்று தடவை போன் போட்டேன். இன்னும் எடுக்கவில்லை.