க்ரை ஃப்ரீடம் படத்தைத் திரையிட்டுக் கலந்துரையாட: எங்கே நிறுத்துவது, எதை முன்கூட்டிச் சொல்வது?

தெம்பனிஸ்_வாசகர்:
எங்கள் தமிழ் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியைப் பற்றிய, ரிச்சர்ட் அட்டன்பரோவின் க்ரை ஃப்ரீடம் (1987) படத்தைப் போட்டுப் பேசலாம் என்று இருக்கிறோம். சமூக மன்ற அறை பிற்பகல் 2 முதல் 5 வரை. 25 பேர் வரலாம். பாதிப் பேர் உயர்நிலை 3, 4 மாணவர்கள், மற்றவர்கள் பெற்றோரும் ஓய்வுபெற்றவர்களும். படமே 157 நிமிடம். அறிமுகம், நாற்காலி அடுக்குவது எல்லாம் போனால் பேச நேரமே இருக்காது. எங்கே வெட்டலாம்? தென்னாப்பிரிக்கா பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கு முன்னால் எவ்வளவு சொல்ல வேண்டும்? படத்தில் வருவதெல்லாம் நடந்ததுதானா?

கடலோடி:
முழுப் படத்தையும் 3 மணி நேரத்தில் திணிக்க வேண்டாம். இரண்டு அமர்வாக்குங்கள். கறுப்பர் இயக்கத் தலைவர் ஸ்டீவ் பீக்கோ ஏறத்தாழப் பாதியிலேயே இறந்துவிடுகிறார். அவருடைய இறுதி ஊர்வலம் முடியும் இடம்தான் இயல்பான இடைவேளை. அதற்குப் பிறகு வருவது வேறு படம் மாதிரி: பத்திரிகை ஆசிரியர் டொனால்ட் உட்ஸ் நாட்டைவிட்டுத் தப்பும் கதை. அதை இரண்டாம் அமர்வுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன் உரிமை. வீட்டுக்கு வாங்கிய டிவிடியோ மாதச் சந்தாக் கணக்கோ வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்தான். சமூக மன்றத்தில் 25 பேருக்குப் போட்டால், கட்டணம் வாங்காவிட்டாலும், உரிமையாளரின் அனுமதி வேண்டும். கேட்கும்போது தேதி, இடம், பார்வையாளர் எண்ணிக்கை, நுழைவு இலவசமா என்ற நான்கையும் எழுதுங்கள். இரண்டு பகுதியாகத் திரையிடலாமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படத்தின் தரமதிப்பீட்டைச் சிங்கப்பூர் ஊடக ஆணையமான ஐஎம்டிஏவின் தளத்தில் பாருங்கள். திரையிட வேறு அனுமதி தேவையா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

நிழற்படம்72:
இரண்டு அமர்வு என்பது காகிதத்தில் நன்றாக இருக்கும். இரண்டாவதற்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள், அதுவும் மாணவர்களுக்குத் தேர்வுக் காலம் என்றால். அப்படி வராதவர்கள் படத்தின் மிக முக்கியமான கடைசிப் பகுதியைப் பார்க்காமலே போவார்கள்.

என் யோசனை ஒரே அமர்வு. தொடக்கத்திலிருந்து இறுதி ஊர்வலம் வரை போடுங்கள். நிறுத்திவிட்டு, உட்ஸ் தப்பியதை 5 நிமிடம் வாயால் சொல்லுங்கள்: 1977 அக்டோபரில் பீக்கோவைப் போலவே அவருக்கும் தடையாணை (நடமாட்டத்தையும் பேச்சையும் முடக்கும் அரசு உத்தரவு), ஆண்டின் கடைசி நாள் தலைமுடிக்குச் சாயம் பூசி, பாதிரியார் வேடத்தில் அண்டை நாடான லெசோத்தோவுக்குள் நுழைந்தார், குடும்பம் பின்னால் வந்து சேர்ந்தது. பிறகு விமானக் காட்சியிலிருந்து முடிவு வரை போடுங்கள். அங்கேதான் சொவேட்டோ மாணவர் எழுச்சி வருகிறது, காவலில் இறந்தவர்களின் பட்டியலும் வருகிறது.

தாண்டும் இடங்களின் நேரத்தை, அன்றைக்குப் போடப்போகும் அதே பிரதியிலிருந்து குறித்து வையுங்கள். ஐரோப்பிய பிஏஎல் முறை டிவிடி நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்) ஓடும். மூலப் படம் 24. ஆக 4 விழுக்காடு வேகம், 157 நிமிடப் படம் 151 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இணையத்தில் பார்த்துக் குறித்த நேரம் டிவிடியில் பொருந்தாமல் போவது இதனால்தான். டிவிடிகளுக்கு விற்பனை மண்டல எண் உண்டு: பிரிட்டிஷ் வட்டு மண்டலம் 2. இங்கே விற்ற பல கருவிகள் மண்டலம் 3 மட்டும்தான் படிக்கும். முதல் நாளே போட்டுப் பாருங்கள்.

ஆங்கில வசனவரிகளைக் கட்டாயம் போடுங்கள். தென்னாப்பிரிக்க உச்சரிப்பில் மாணவர்களுக்கு நிறைய தவறிப்போகும். கடைசிப் பட்டியல் வரும்போது பாட்டு ஆரம்பித்ததும் யாராவது எழுந்து விளக்கைப் போடுவார். விளக்குப் பக்கம் ஒருவரை நிறுத்தி வையுங்கள். எழுத்து சிறியது. பின்வரிசைக்குத் தெரியாது என்றால் திரையை நெருங்கி உட்கார வையுங்கள்.

பெற்றோருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டியவை இரண்டு: பிணவறைக் காட்சி, பள்ளிப் பிள்ளைகளைச் சுடும் காட்சி.

கிழக்குக்_கரை:
வெட்டுவது எதுவானாலும், முன்னுரை இல்லாமல் படத்தைப் போடாதீர்கள். 10 நிமிடம் போதும், ஆனால் அதில் தடையாணை என்றால் என்ன என்பது இருக்க வேண்டும். 1973-இல் பீக்கோ மீது போட்டார்கள். கிங் வில்லியம்ஸ் டவுன் வட்டாரத்தைத் தாண்டக் கூடாது, ஒரு நேரத்தில் ஒருவருக்கு மேல் சந்திக்கக் கூடாது, அவர் சொன்னதை யாரும் அச்சிடக் கூடாது. இது தெரியாதவருக்கு அவர் ஏன் ஒளிந்து பேசுகிறார், காவலர் ஏன் வாசலிலேயே நிற்கிறார், சாலைத் தடுப்பில் காரை நிறுத்துவது ஏன் அவ்வளவு ஆபத்து என்று ஒன்றும் விளங்காது. கூடவே 1967 பயங்கரவாதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு: வழக்கே இல்லாமல் காலவரையின்றி அடைத்து வைக்கலாம்.

பெரிய குழப்பம் கால வரிசையில் வரும். சொவேட்டோ மாணவர் எழுச்சி 1976 ஜூன் 16. பீக்கோ இறந்தது 1977 செப்டம்பர் 12. படம் சொவேட்டோவைக் கடைசியில் நினைவுக் காட்சியாக வைப்பதால், பீக்கோ இறந்த கோபத்தில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மைக் காரணம் வேறு: கணிதமும் சமூக அறிவியலும் ஆளும் வெள்ளையரின் ஆஃப்ரிகான்ஸ் மொழியில்தான் படிக்க வேண்டும் என்ற உத்தரவு. நிழற்படம்72 சொன்னபடி நடுவில் தாண்டினால் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். ஆண்டுகளை வெள்ளைப் பலகையில் எழுதி, படம் ஓடும்போதும் அழிக்காமல் விடுங்கள்: 1973, 1976, 1977.

நடந்ததா என்று கேட்டீர்கள். கிராஸ்ரோட்ஸ் குடிசைப் பகுதி, மருத்துவ நிலையம், நீதிமன்ற சாட்சியம், தப்பித்தல் ஆகியவற்றுக்கெல்லாம் அடிப்படை உண்டு. உட்ஸ் எழுதிய இரண்டு புத்தகங்கள்தான் மூலம். உட்ஸ் தம்பதியர் ஆலோசகர்களாகவும் இருந்தார்கள். அதுவே பலவீனமும்கூட. கறுப்பர் இயக்கத்தை நாம் ஒரு வெள்ளைக்காரரின் வீட்டு வாசலில் நின்றுதான் பார்க்கிறோம். கலந்துரையாடலை இங்கே தொடங்கினால் சூடு பிடிக்கும்.

நம்மவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம். பீக்கோ படித்தது டர்பனில், நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெள்ளையரல்லாதோர் மருத்துவப் பிரிவில். இந்திய மாணவர்களும் அங்கே படித்தார்கள். அவருடைய இயக்கம் கறுப்பர் என்றபோது ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தவர் மூவரையும் சேர்த்தே சொன்னது. இயக்கத்தினர் மீது போட்ட வழக்கில் அவர் 1976 மே மாதம் சாட்சி சொன்னார். அதில் குற்றவாளிக் கூண்டில் இருந்த ஒன்பது பேரில் சாத்ஸ் கூப்பர், ஸ்ட்ரினி மூட்லி இருவரும் இந்திய வம்சாவளியினர். சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு முதல் கப்பல் டர்பன் சேர்ந்தது 1860 நவம்பர் 16. நம் கூட்டத்தில் இதைச் சொன்னால் கேள்விகள் தானாக வரும்.

தெம்பனிஸ்_வாசகர்:
மூவருக்கும் நன்றி. ஒரே அமர்வு, பலகையில் ஆண்டுகள் என்று முடிவு செய்கிறோம். மாணவர்கள் நிச்சயம் கேட்பார்கள்: கொன்றவர்களுக்கு என்ன தண்டனை?

கிழக்குக்_கரை:
சிறைத் தண்டனை யாருக்கும் இல்லை. வரிசையாகச் சொல்லுங்கள். 1977 ஆகஸ்ட் 18-இல் கைது. செப்டம்பர் தொடக்கத்தில் போர்ட் எலிசபெத் காவல் விசாரணையில் தலையில் காயம். 11-ஆம் தேதி நிர்வாணமாக, விலங்கோடு, வண்டியின் பின்புறம் கிடத்தி 1,100 கிலோமீட்டருக்கு மேல் பிரிட்டோரியாவுக்கு. மறுநாள் மரணம், வயது 30. அமைச்சர் ஜிம்மி குரூகர் உண்ணாவிரதம் என்றார். மூளைக் காயம் என்றது பிரேதப் பரிசோதனை. குடும்பத்துக்காக சிட்னி கென்ட்ரிட்ஜ் வாதாடியும் அந்த ஆண்டு நடந்த மரண விசாரணையில் யார் மீதும் குற்றம் இல்லை என்று முடித்தார்கள். காவலில் அவரைப் பார்த்த இரண்டு மருத்துவர்களில் ஒருவரின் பெயர் 1985-இல் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது, மற்றவருக்குக் கண்டிப்பு. நிறவெறி ஆட்சி முடிந்தபின் அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்திடம் காவலர்கள் கேட்ட பொதுமன்னிப்பு 1999-இல் மறுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் வழக்குப் போடவில்லை.

நிழற்படம்72:
கடைசிப் பட்டியலில் “மாடியிலிருந்து விழுந்தார்” என்ற காரணம் வரும்போது அகமது டிமோலைச் சொல்லுங்கள். 1971-இல் ஜொஹானஸ்பர்க் காவல் கட்டடத்தின் 10-ஆவது மாடியிலிருந்து விழுந்த இந்திய வம்சாவளி ஆசிரியர். தற்கொலை என்று 1972-இல் எழுதினார்கள். 2017-இல் மறுவிசாரணை செய்த நீதிபதி அது கொலை என்று தீர்ப்பளித்தார். பட்டியலைப் பார்த்த உடனே சொல்லுங்கள், கலந்துரையாடல் வரை காத்திருக்க வேண்டாம். அதன் பிறகு நேரமிருந்தால் 1988 ஜூலையைச் சொல்லலாம்: தணிக்கையில் தேறிய இதே படத்தைத் தென்னாப்பிரிக்கக் காவல்துறை வெளியான அன்றே பறிமுதல் செய்தது.